ஆசிரியரிடம் எதைக் கேட்பது? வெருகல் வகுப்பறையில் வைத்துப் பார்த்த நான்கு வழிகள்

போன தவணை எங்கள் பாடசாலை அபிவிருத்திச் சங்கக் கூட்டத்தில் ஒரு தகப்பன் எழுந்து நின்று கேட்டார்: "எங்கட பிள்ளையள் பாஸ் பண்ணாட்டி, படிப்பிச்சவைக்கு மட்டும் ஏன் முழுச் சம்பளம்?" மண்டபத்தில் பாதிப் பேர் கை தட்டினார்கள். ஓரமாக நின்ற ஆசிரியைகள் தலையைக் குனிந்துகொண்டார்கள். அதிபர் ஏதோ சொல்லத் தொடங்கி, நேரம் போகிறது என்று அடுத்த விடயத்துக்குப் போய்விட்டார்.

எனக்கு அந்தக் கேள்வியை விட்டுவிட்டுப் போக முடியவில்லை. என் பிள்ளைகள் இருவரும் திருகோணமலை நகரில் படிக்கிறார்கள். என் அக்கா அதே மாவட்டத்தில் வெருகல் பக்கம் ஒரு சிறிய பாடசாலையில் படிப்பிக்கிறார். கை தட்டியவர்களின் கோபம் நியாயமானது. அதில் எனக்கும் பங்கு உண்டு. தலையைக் குனிந்தவர்களின் வலியையும் நான் வீட்டிலேயே பார்க்கிறேன். 1ஆம், 6ஆம் தரங்களில் 2026இலிருந்து புதிய பாடத்திட்டம் என்று 2025இல் அரசாங்கம் அறிவித்த பிறகு, கல்விச் சீர்திருத்தம் பற்றி ஊரெல்லாம் பேச்சு. ஆனால் பேச்சு பாடப்புத்தகத்தோடு நின்றுவிடுகிறது. ஆசிரியர் யாருக்கு, எதற்குப் பதில் சொல்ல வேண்டும் என்ற கேள்வி அப்படியே கிடக்கிறது.

அதற்கு உலகில் பல வழிகளை முயன்று பார்த்திருக்கிறார்கள். அவற்றில் நான்கை எடுத்து, இரண்டு வகுப்பறைகளில் வைத்துப் பார்க்கிறேன். ஒன்று நகரத்தில் 5ஆம் தரம்: 38 பிள்ளைகள், பெரும்பாலானோருக்குப் பின்னேரம் ரியூசன், இரவு பத்து மணி வரை கடந்தகால வினாத்தாளோடு பக்கத்தில் அம்மா. மற்றது அக்காவின் 5ஆம் தரம்: 12 பிள்ளைகள், அறுவடைக் காலத்தில் தாய் தகப்பன் இருவரும் வயலில், ரியூசன் என்ற பேச்சே இல்லை. 5ஆம் தரப் புலமைப்பரிசில் பரீட்சையில் இரண்டுக்கும் பரீட்சைத் திணைக்களத்தின் வினாத்தாள் ஒன்றுதான்.

பெறுபேற்றோடு சம்பளம்

அந்தத் தகப்பன் கேட்டது இதைத்தான். இந்த யோசனைக்கு நூற்றைம்பது வயது தாண்டிவிட்டது. 1862இல் இங்கிலாந்து, பிள்ளைகளின் தேர்ச்சிக்கு ஏற்பப் பாடசாலைக்குப் பணம் என்ற முறையைக் கொண்டுவந்தது. 1870களில் இலங்கையின் மிஷன் பாடசாலைகளுக்கும் உதவிப்பணம் அப்படித்தான் அளக்கப்பட்டது. பரிசோதகர் வருவார், வாசிப்பு, எழுத்து, கணக்கு மூன்றிலும் பிள்ளைகளைச் சோதிப்பார், தேறியவர்களை எண்ணிப் பணம். இங்கிலாந்தில் பிள்ளைகள் வாசிப்புப் புத்தகத்தை மனப்பாடம் செய்து ஒப்புவிக்கப் பழகினார்கள். சோதிக்கப்படாத பாடங்கள் வகுப்பில் ஒதுங்கிப்போயின. 1890களில் அந்த முறையைக் கைவிட்டார்கள்.

அமெரிக்கா அதே வழியில் இன்னும் பெரிதாக இறங்கியது. 2002இல் நடைமுறைக்கு வந்த சட்டம், 2014க்குள் எல்லாப் பிள்ளைகளும் வாசிப்பிலும் கணிதத்திலும் தேறிவிட வேண்டும் என்றது. தேறாத பாடசாலைகளுக்குத் தண்டனை. அட்லாண்டா நகரில் ஆசிரியர்களும் அதிபர்களும் பிள்ளைகளின் விடைத்தாள்களில் பிழையான விடையை அழித்துச் சரியான விடையைப் போட்டார்கள். 2011இல் வெளிவந்த விசாரணை அறிக்கை 44 பாடசாலைகளில் 178 பேரைக் குறிப்பிட்டது. 2015இல் 11 பேர் நீதிமன்றத்தில் குற்றவாளிகளானார்கள். அதே வருடக் கடைசியில் அந்தச் சட்டத்தையும் மாற்றிவிட்டார்கள். அங்கே பாதிக்கப்பட்டது யார் என்று பார்த்தால், வாசிக்கத் தெரியாமலேயே "தேறிய" பிள்ளைதான். உதவி தேவை என்று சொல்லவேண்டிய தாளே அவனுக்கு உதவி தேவையில்லை என்று சொல்லிவிட்டது.

இந்த வழிக்குச் சாதகமான சான்றும் இருக்கிறது, அதை மறைப்பது சரியல்ல. ஆந்திரப் பிரதேசத்தின் கிராமப்புற அரசுப் பாடசாலைகளில் நடந்த ஒரு பெரிய பரிசோதனையில், சம்பளத்தில் ஏறக்குறைய 3 வீதமான ஊக்கத்தொகை கொடுத்ததற்கே இரண்டு வருடத்தில் பிள்ளைகளின் கணிதமும் மொழியும் தெளிவாக முன்னேறின. அங்கே ஒரு முக்கியமான வேறுபாடு: யார் வெட்டுப்புள்ளியைத் தாண்டினார்கள் என்று பார்க்கவில்லை. ஒவ்வொரு பிள்ளையும் வருடத் தொடக்கத்தில் எங்கே இருந்தது, முடிவில் எங்கே வந்தது என்று பார்த்தார்கள். எவருடைய சம்பளத்தையும் வெட்டவும் இல்லை. எங்கள் கூட்டத்தில் கை தட்டியவர்கள் கேட்டது இது அல்ல.

சரி, முன்னேற்றத்தை மட்டும் அளந்து ஆசிரியருக்குப் புள்ளி போட்டால்? அமெரிக்கப் புள்ளியியல் சங்கம் 2014இல் வெளியிட்ட அறிக்கையின்படி, பிள்ளைகளின் புள்ளிகளுக்கிடையே உள்ள வேறுபாட்டில் ஆசிரியரால் வருவது 1 முதல் 14 வீதம் வரைதான் என்று பெரும்பாலான ஆய்வுகள் காட்டுகின்றன. ஆசிரியர் முக்கியமில்லை என்பதல்ல இதன் பொருள். மிச்சமெல்லாம் வேறெங்கோ இருந்து வருகிறது. அதோடு அக்காவின் வகுப்பின் கணக்கையும் பாருங்கள். 12 பிள்ளைகளும் சராசரியாக 60 எடுப்பார்கள் என்று வைப்போம். பரீட்சை வாரம் இரண்டு பிள்ளைகள் காய்ச்சலோடு வந்து 20 எடுத்தால், வகுப்புச் சராசரி 53க்கு விழும். அதே இரண்டு பேர் நகரத்து 38 பேர் வகுப்பில் இருந்திருந்தால் 58க்குச் சற்றுக் கீழேதான் வரும். ஒரே காய்ச்சல், ஒரே ஆசிரியர். வெருகலில் இருந்தால் "தரம் குறைந்தவர்", நகரத்தில் இருந்தால் "பரவாயில்லை".

இந்த நாடு பிள்ளைகளை அளக்கும்போது தொடக்கப்புள்ளி எல்லோருக்கும் ஒன்றல்ல என்பதை ஏற்கெனவே ஒத்துக்கொண்டிருக்கிறது. பல்கலைக்கழக அனுமதியில் 40 வீதம் அகில இலங்கைத் திறமை, 55 வீதம் மாவட்ட ஒதுக்கீடு, 5 வீதம் பின்தங்கிய 16 மாவட்டங்களுக்கு. அந்தப் பதினாறில் திருகோணமலையும் ஒன்று. புலமைப்பரிசில் வெட்டுப்புள்ளியும் மாவட்டத்துக்கு மாவட்டம் மாறுகிறது. மாணவிக்குப் பார்க்கும் இந்த நியாயத்தை அவளுக்குப் படிப்பிக்கும் ஆசிரியைக்கு ஏன் பார்க்கக்கூடாது?

இன்னொன்று எனக்கு நிச்சயமாகத் தெரியும். சம்பளத்தைச் சித்தி வீதத்தோடு கட்டிய அடுத்த நாளே வெருகல், ஈச்சிலம்பற்றுப் பக்கம் இருந்து நகரத்துக்கு இடமாற்ற விண்ணப்பங்கள் குவியும். இப்போதே அப்படித்தான். பாலங்கள் வந்த பிறகும் அக்காவுக்குப் போய்வரும் பஸ் பயணம் ஒரு நாளில் நான்கு மணி நேரத்தை விழுங்குகிறது. அவருடைய பாடசாலையில் ஒரு முறை கணித ஆசிரியர் தற்காலிக இணைப்பில் நகரத்துக்குப் போனார். இரண்டு தவணை அந்த இடத்துக்கு ஒருவரும் வரவில்லை. அந்த வருடப் பிள்ளைகளின் கணிதப் புள்ளிக்கு யாருடைய சம்பளத்தை வெட்டுவது?

வந்து பார்த்து மதிப்பிடுவது

இரண்டாவது வழி வெளிவாரி மதிப்பீடு. கல்வி வலய அலுவலகத்திலிருந்து குழு வரும். பாடக்குறிப்பு, பதிவேடு, வகுப்பறை எல்லாம் பார்க்கும். கொள்கையளவில் முதல் வழியை விட இது நல்லது. படிப்பித்தலை நேரில் பார்க்கிறது; பிள்ளையின் வீட்டு நிலைமையை ஆசிரியரின் தலையில் கட்டுவதில்லை.

நடைமுறையில் நான் கண்டது வேறு. குழு வரும் திகதி முன்கூட்டியே தெரியும். அந்த வாரம் சுவரெல்லாம் புதுப் படங்கள், கோப்புகளுக்குப் புது மட்டை. பிள்ளைகளுக்கு யார் கை உயர்த்த வேண்டும் என்றுகூடச் சொல்லிக் கொடுக்கிறார்கள். போன பிறகு ஓர் அறிக்கை, அதில் ஒரு புள்ளி. ஆசிரியைக்கு அடுத்த திங்கட்கிழமை என்ன மாற்றிச் செய்ய வேண்டும் என்று யாரும் சொல்வதில்லை.

ஆசிரிய ஆலோசகர்களின் வருகை அப்படியல்ல. புள்ளி போட வராமல் உதவ வருகிற ஓர் ஆலோசகர், அக்காவின் வகுப்பில் தானே நின்று பின்னக் கணக்கைக் காகிதத்தை மடித்துக் காட்டினார். அக்கா இன்றும் அப்படித்தான் படிப்பிக்கிறார். ஆனால் தூரத்துப் பாடசாலைக்கு அவர் எப்போதாவது ஒரு நாள்தான் வருவார். இந்த வழியில் பணம் போட வேண்டிய இடம் அதுதான்.

பெற்றோரின் கையில் கொடுப்பது

2006இல் தொடங்கிய பாடசாலை மேம்பாட்டு நிகழ்ச்சித்திட்டம், திட்டமிடுவதிலும் செலவழிப்பதிலும் பாடசாலைக்கும் பெற்றோருக்கும் கூடுதல் அதிகாரம் கொடுத்தது. அதை மதிப்பிட்ட ஆய்வில் 4ஆம் தரப் பிள்ளைகளின் கணிதமும் ஆங்கிலமும் முன்னேறியது தெரிந்தது. தாய்மொழியில் மாற்றமில்லை, 8ஆம் தரத்திலும் மாற்றமில்லை. சிறிய பலன், ஆனால் உண்மையான பலன்.

நகரத்தில் இது ஓரளவு வேலை செய்யும். எங்கள் கூட்டத்தில் வங்கியில் வேலை செய்பவர் கணக்கைக் கேட்பார், தாதி ஒருவர் மலசலகூடத்தைப் பற்றிக் கேட்பார். அக்காவின் பாடசாலையில் கூட்டம் வைத்தால் வருகிறவர்கள் தாய்மார். வந்து பின்வாங்கில் இருப்பார்கள். "நீங்க படிச்சாக்கள், நீங்க சொன்னா சரி டீச்சர்" என்பார்கள். படித்தவரைக் கேள்வி கேட்பது மரியாதைக் குறைவு என்ற எண்ணம் அவர்களுக்கு ஆழமாக இருக்கிறது. அந்தத் தாய்மாரிடம் வெறும் அதிகாரத்தைக் கொடுத்தால் போதாது. "உங்கள் பிள்ளை இந்தப் பக்கத்தை வாசிக்க வேண்டும், வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள்" என்று ஒரு தாளையும் கையில் கொடுக்க வேண்டும்.

நம்பி விடுவது

பின்லாந்தைப் பற்றிச் சொல்லாமல் இப்போது எந்தக் கல்விக் கூட்டமும் முடிவதில்லை. 1990களின் தொடக்கத்திலேயே பாடசாலைப் பரிசோதகர்களை நிறுத்திவிட்டார்கள். உயர்நிலைப் பள்ளி முடியும் வரை நாடளாவிய பரீட்சையும் இல்லை. ஆனால் அதற்கு முன்பே, 1970களின் இறுதியில், ஆசிரியராக முதுமாணிப் பட்டம் வேண்டும் என்று ஆக்கியிருந்தார்கள். முதலில் ஆசிரியரை உருவாக்கினார்கள், பிறகுதான் நம்பிக் கையை எடுத்தார்கள். வேலையில்லாப் பட்டதாரிகளுக்கு இடம் கொடுக்கும் திட்டமாகவே ஆசிரியர் நியமனத்தைப் பல தடவை பயன்படுத்திய ஒரு நாடு, இரண்டாவது படியை மட்டும் எடுத்துக்கொள்ள முடியாது.

நான் எங்கே நிற்கிறேன்

ஆசிரியரின் கையில் இருப்பதற்கு ஆசிரியர் பதில் சொல்ல வேண்டும், இதில் எனக்குத் தயக்கமே இல்லை. முதலாவது, வகுப்பில் இருப்பது. ராஜஸ்தானின் உதய்பூரில் ஒரு தொண்டு நிறுவனத்தின் ஓராசிரியர் பள்ளிகளில், நேரம் பதியும் கெமராவால் தினமும் படம் எடுத்து, வந்த நாளுக்கு ஏற்பச் சம்பளம் கொடுத்தார்கள். வராத நாள்கள் 42 வீதத்திலிருந்து 21 வீதத்துக்கு இறங்கின. பிள்ளைகளும் கூடுதலாகப் படித்தார்கள். அதே மாவட்டத்தில் அரசுத் தாதியரிடம் இதைப் போன்ற ஒன்றைச் செய்தபோது, சில மாதங்களில் மேலதிகாரிகளே "விலக்களித்த நாள்" என்று எழுதிக் கொடுக்கத் தொடங்கினார்கள். பலன் காணாமல் போனது. ஆகவே வரவைப் பதியும் கைவிரல் இயந்திரம் மட்டும் போதாது. அதைப் பார்த்து நடவடிக்கை எடுக்க வேண்டியவரும் பதில் சொல்ல வேண்டும்.

இரண்டாவது, பிள்ளையை எடுத்த இடத்திலிருந்து நகர்த்துவது. வருடத் தொடக்கத்திலும் முடிவிலும் ஒவ்வொரு பிள்ளையையும் ஒரு பந்தி வாசிக்க வைத்து, நான்கு கணக்குப் போட வைத்துப் பதிய வேண்டும். அந்தப் பதிவு சம்பளத்தைத் தொடக்கூடாது. தொட்டால் அட்லாண்டாதான் இங்கேயும். அது போக வேண்டிய இடங்கள் இரண்டு: பிள்ளையின் தாய், ஆசிரிய ஆலோசகர். யாருடைய வகுப்பு நகரவில்லையோ அங்கே ஆலோசகர் முதலில் போகட்டும். இரண்டு மூன்று வருடம் உதவி கொடுத்தும் ஒருவர் பிள்ளைகளைக் கவனிக்கவே இல்லை என்றால், அவர் வகுப்பறையில் இருக்கக்கூடாது. இதைச் சொல்ல எனக்குக் கூச்சமில்லை. ஆசிரியர் சங்கங்களும் சொல்ல வேண்டும் என்று எதிர்பார்க்கிறேன்.

ஆனால் அதற்கு முன், வெற்றிடத்துக்குப் பதில் சொல்ல வேண்டியவர்கள் இருக்கிறார்கள். ஒரு வகுப்பு எத்தனை நாள் ஆசிரியர் இல்லாமல் இருந்தது என்ற பட்டியலை ஒவ்வொரு தவணையும் பாடசாலை வாசலில் ஒட்ட வேண்டும். புலமைப்பரிசில் சித்தியடைந்தவர்களின் பதாகைக்குப் பக்கத்தில், அதே அளவு எழுத்தில். பாதைக்கும் பாலத்துக்கும் கூட யாரோ பதில் சொல்ல வேண்டும். 2021 நவம்பரில் குறிஞ்சாக்கேணியில் பாலம் கட்டி முடியாத இடத்தில் ஓடிய இழுவைப்படகு கவிழ்ந்து, பாடசாலைக்குப் புறப்பட்ட பிள்ளைகள் இறந்தார்கள். இந்த மாவட்டத்தில் பிள்ளை வகுப்புக்கு வந்து சேருவதே சில நாள்களில் பெரிய காரியம்.

அக்காவிடம் ஒரு சீ.ஆர். கொப்பி இருக்கிறது. யாரும் சொல்லாமல் அவரே வைத்திருப்பது. போன வருடப் பக்கத்தில் ஒரு பையனின் பெயருக்கு நேரே, முதல் வாரத்தில் "எழுத்துக் கூட்டுகிறான்" என்று இருக்கிறது. நான்காம் மாதம் "சிறு சொற்கள்". கடைசி மாதம் "ஒரு பக்கம், தடங்கல் இல்லாமல்". புலமைப்பரிசிலில் அவனுக்கு 62 புள்ளி. வெட்டுப்புள்ளிக்கு எவ்வளவோ கீழே. பதாகையில் அவன் படம் இல்லை, வலயத்தின் சித்திப் பட்டியலில் அந்த வகுப்புக்கு நேரே பூச்சியம். இத்தனை வருடத்தில் அந்தக் கொப்பியைக் காட்டச் சொல்லி அக்காவிடம் ஒருவரும் கேட்டதில்லை. அடுத்த கூட்டத்துக்கு அதை இரவல் வாங்கிக்கொண்டு போகிறேன், கேள்வி கேட்ட அந்தத் தகப்பனிடம் முதலில் காட்ட.