கன்று நாள் முழுக்கத் தாயிடமா, இரண்டு வேளை மட்டுமா? மாடு சீக்கிரம் பருவத்துக்கு வர எது தோது?

வருஷம் ஒரு கன்று வேண்டுமென்றால் கணக்கு எளிது. பசுவின் சினைக்காலம் சுமார் 280 நாள். 365-ல் அதைக் கழித்தால் மீதி 85 நாள். அதற்குள் மறுபடி சினை பிடிக்க வேண்டும்.

குடியாத்தம், அணைக்கட்டுப் பக்கம் நாட்டு மாடு வைத்திருப்பவர்கள் கன்றைத் தாயோடே விடுவதுண்டு. கன்று கொழுகொழுவென வளரும், செலவும் கிடையாது. ஆனால் பருவம் தள்ளிப்போகும். காம்பைச் சப்புவது மட்டும் காரணமில்லை. தன் கன்றைப் பார்த்தும் மோந்தும் அறிந்த தாயின் மூளை, கருமுட்டை வெடிக்கத் தேவையான எல்.ஹெச். என்ற ஹார்மோன் சுரப்பை அடக்கிவிடுகிறது. மடியையே நீக்கிய பசுக்கள்கூட, சொந்தக் கன்று கூடவே இருந்தால் பருவத்துக்கு வரத் தாமதித்ததை ஆய்வில் கண்டிருக்கிறார்கள். கையால் கறப்பதால் இவ்வளவு தடை வராது.

பிறந்ததும் பிரித்து வாளியில் ஊட்டினால் பருவம் முந்தும். ஆனால் கைவேலை அதிகம். 30 கிலோ கன்றுக்கு முதல் நாள் 3 லிட்டர் சீம்பால், அதில் முதல் பங்கு இரண்டு மணி நேரத்துக்குள் போக வேண்டும். பால் ஆறிப்போனாலும் வாளி கழுவாவிட்டாலும் கழிச்சல் பிடிக்கும். ஜெர்சி கலப்பு பழகிக்கொள்ளும். நாட்டு மாடும் எருமையும் கன்று இல்லாமல் பாலை எக்கிக்கொள்ளும், அவற்றுக்கு இந்த வழி வேண்டாம்.

பெரும்பாலான தொழுவத்துக்கு நாங்கள் சொல்வது நடுவழி: கறக்குமுன் நாலு சப்பு, கறந்தபின் 15 நிமிஷம் மிச்சப்பால். பிறகு கன்றைத் தாயின் கண்ணுக்குத் தெரியாத இடத்தில் கட்ட வேண்டும். எதிரிலேயே கட்டி வைத்தால் பிரித்த பலன் குறைந்துபோகும்.

மாடு இளைத்திருந்தால் எந்த வழியும் உதவாது. ஈன்ற முதல் இரண்டு மாதம் தின்பதைவிடப் பாலில் போகும் சத்துதான் அதிகம். கடலைக்கொடி, பச்சைத் தீவனத்தோடு லிட்டர் பாலுக்கு 400 கிராம் கலப்புத் தீவனம், தினம் 50 கிராம் தாது உப்பு கொடுங்கள்.

ஈன்றபின் முதல் பருவம் பல மாடுகளில் கத்தாமலே கடந்துவிடும். எருமை இரவில்தான் அதிகம் காட்டும். விடியற்காலையும் நீங்கள் படுக்கும் முன்பும் மாட்டின் பிறப்புறுப்பைப் பாருங்கள், கண்ணாடிக் கம்பிபோல வழும்பு தொங்கும். காலையில் கண்டால் மாலை சினை ஊசி, மாலையில் கண்டால் மறுநாள் காலை. 45 நாளுக்குள் வந்த பருவத்தை விட்டுவிடுங்கள், கருப்பை தேறட்டும். 90 நாளாகியும் அறிகுறி இல்லையென்றால் கால்நடை மருத்துவரிடம் சினைப்பையைப் பரிசோதிக்கச் சொல்லுங்கள்.