போனஸ் கோட்டுக்கு நேரே ஒரு ட்ரைபாட்

போன வருடம் பள்ளிகளுக்கான குறுவட்டக் கபடிப் போட்டி முடிந்த மறுநாள் திருச்சிக்குப் பஸ் ஏறிப் போய் இந்த ட்ரைபாடை வாங்கினேன். ஜங்ஷன் பக்கத்தில் கல்யாண வீடியோக்காரர்கள் சாமான் எடுக்கிற சின்னக் கடை. பெரிய கம்பெனிப் பெயர் எதுவும் கிடையாது. அலுமினியக் கால், 7 அடி வரை உயரும், செல்போனைப் பிடிக்க ஒரு கிளாம்ப், பட்டனை அழுத்தினால் ரெக்கார்டிங் தொடங்கும் புளூடூத் ரிமோட். எல்லாம் சேர்த்து 1,150 ரூபாய், என் கைக்காசு. ஒரு சீசன் முழுக்க வெயிலிலும் புழுதியிலும் நிறுத்திப் பார்த்துவிட்டேன். மற்ற பி.இ.டி. (உடற்கல்வி) டீச்சர்கள் "வாங்கலாமா மேடம்?" என்று கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள், அதனால் எழுதுகிறேன்.

வாங்கிய காரணத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். 17 வயதுக்கு உட்பட்ட பெண்கள் கபடி, அரையிறுதி. 21-22 என்று ஒரு புள்ளி பின்னால் இருந்தோம், எதிரணிப் பக்கம் பாடிப் போகிற கடைசி ரைடு. எதிரணியில் ஆறு பேர் களத்தில் நின்றார்கள், அதனால் போனஸ் உண்டு: போனஸ் கோட்டுக்கு அப்பால் ஒரு காலை ஊன்றிப் பின்காலைத் தூக்கினால் ஒரு புள்ளி. என் கேப்டன் போனாள், போனஸ் கோட்டைத் தாண்டிக் கால் வைத்தாள், பின்காலைத் தூக்கினாள், திரும்பி ஓடி வந்தாள். அம்பயர் கை தூக்கவே இல்லை. விசில் ஊதி ஆட்டம் முடிந்தது. நான் கோட்டுக்குள்ளே போய்க் கத்தினேன். நான் கத்தியதைப் பார்த்து ஒரு பிள்ளை தண்ணீர் பாட்டிலைத் தூக்கி எறிந்தாள். வேனில் வரும்போது யாரும் பேசவில்லை. ஒரு பெற்றோர் போனில் எடுத்த வீடியோவை அன்று இரவு இருபது தடவையாவது பார்த்திருப்பேன். கால் கோட்டைத் தாண்டித்தான் இருந்தது. அடுத்த தடவை ஆதாரம் கையில் இருக்க வேண்டும் என்றுதான் மறுநாளே கடைக்குப் போனேன்.

ட்ரைபாட் வந்த முதல் வாரம் பயிற்சியில் ஒரு சோதனை செய்தோம். பெண்கள் ஆடுகளம் 12-க்கு 8 மீட்டர். நடுக்கோட்டிலிருந்து 3 மீட்டரில், ரைடர் தாண்ட வேண்டிய பாக் லைன், அதிலிருந்து இன்னும் ஒரு மீட்டர் தள்ளிப் போனஸ் கோடு. அந்தப் பெற்றோர் நின்று படம் எடுத்த மாதிரியே, ரைடருக்குப் பின்னால் நடுக்கோட்டு மூலையில் போனை முதலில் வைத்தேன். கேப்டனிடம், "காலைக் கோட்டுக்கு இந்தப் பக்கமே, காத்துல நிறுத்தும்மா, கீழ ஊனாத" என்றேன். ஐந்து தடவை செய்தாள். வீடியோவை ஓடவிட்டதும் பிள்ளைகள் எல்லோரும் ஒரே குரலில் "போனஸ்தான், மிஸ்!" என்று கத்தினார்கள். காற்றில் இருந்த கால், பின்னால் இருந்து பார்த்தால் கோட்டுக்கு அந்தப் பக்கம் ஊன்றிய மாதிரியே தெரிந்தது. அப்புறம் ட்ரைபாடைத் தூக்கிக்கொண்டு போய், பக்கக் கோட்டுக்கு வெளியே, போனஸ் கோட்டுக்கு நேராக நிறுத்தினேன். இப்போது படத்தில் போனஸ் கோடு செங்குத்தாக ஒரு வெள்ளை நூல் மாதிரி இருந்தது. ஐந்து ரைடிலும் கால் நூலுக்கு இந்தப் பக்கம்.

அன்றைக்கு எனக்குத் தூக்கம் வரவில்லை. அரையிறுதியில் நடந்தது போனஸா இல்லையா என்று என்னால் இன்றைக்கும் சொல்ல முடியாது. அந்த வீடியோவை நம்பித்தான் அத்தனை நாளும் அந்த அம்பயரைப் பற்றிப் பார்க்கிறவர்களிடம் எல்லாம் பேசியிருந்தேன்.

சரி, பொருளுக்கு வருகிறேன். 7 அடி என்பது சும்மா விளம்பரத்துக்கு இல்லை, கபடிக்கு அந்த உயரம் தேவை. மூன்றடியில் வைத்தால் பக்கத்து மூலையில் நிற்கிற கார்னர் பிள்ளை குறுக்கே நின்று காலை மறைத்துவிடுவாள். ஆனால் முழுக்க நீட்டினால் மேல்கம்பு ஆடும். 6 அடியில் நிறுத்தி, நடுவில் இருக்கிற கொக்கியில் இரண்டு லிட்டர் தண்ணீர் பாட்டிலைத் தொங்கவிடுங்கள், ஆடிக் காற்றுக்கும் அசையாது. மண் தரையில் காலின் ரப்பர் முனை வழுக்காது, சிமெண்டில் கொஞ்சம் வழுக்கும். கிளாம்பைத் திருகும் பிளாஸ்டிக் மரை மூன்றாம் மாதமே தேய்ந்துவிட்டது. 120 ரூபாய்க்கு இரும்புக் கிளாம்ப் தனியாக வாங்கி மாட்டினேன். ரிமோட்டை நம்ப வேண்டாம், கூட்டத்தில் தானாக அறுந்துபோகிறது. கையால் தொட்டே தொடங்குங்கள்.

பெரிய தொல்லை வெயில்தான். பதினொரு மணிக்கு மேல் போன் சூடேறி ரெக்கார்டிங் தானே நின்றுவிடுகிறது. முதல் போட்டியில் இரண்டாம் பாதி முழுக்க இப்படித்தான் போனது. இப்போது போனுக்கு மேலே ஒரு அட்டையைக் கூரை மாதிரி ரப்பர் பேண்டில் கட்டிவிடுகிறேன், பிரகாசத்தையும் குறைத்துவிடுகிறேன். 15 நிமிடம், 5 நிமிட இடைவேளை, மறுபடி 15 நிமிடம் என்று நடக்கிற ஆட்டம் ஒன்றுக்குச் சாதாரண எச்.டி. தரத்தில் ஐந்து ஜி.பி. வரை இடம் வேண்டும், காலையிலேயே போனைக் காலி செய்து வையுங்கள்.

இன்னொன்றும் தெரிந்திருக்க வேண்டும். ஒரு ட்ரைபாட் ஒரு போனஸ் கோட்டைத்தான் பார்க்கும். நாங்கள் ரைடு போகும் பக்கத்தில் வைக்கிறோம். பாதி ஆட்டத்தில் அணிகள் பக்கம் மாறுவதால் அந்த 5 நிமிட இடைவேளையில் தூக்கிக்கொண்டு மறுபக்கம் ஓட வேண்டும். எங்கள் பக்கத்து உண்மை மட்டும்தான் அதில் பதிவாகிறது என்பது எனக்கு உறுத்திக்கொண்டே இருந்தது. கடைசி இரண்டு போட்டிகளில் எதிரணி டீச்சரையும் கூப்பிட்டு, "அந்தப் பக்கம் உங்க போனை வைங்க சார், ரெண்டையும் சேர்த்துப் பார்ப்போம்" என்றேன். ஒருவர் வைத்தார். ஒருவர் முறைத்துவிட்டுப் போனார்.

இந்த சீசன் ஆறு போட்டிகள். ஒவ்வொன்றும் முடிந்ததும், "தப்பாக் குடுத்துட்டாங்க" என்று பிள்ளைகள் சொன்னதை எல்லாம் ஒரு நோட்டில் எழுத வைத்தேன். மொத்தம் 23. வீடியோவில் நிறுத்தி நிறுத்திப் பார்த்தோம். 14-இல் அம்பயர் சொன்னதே சரி. நான்கில் ஒன்றும் தெரியவில்லை. ஐந்து நிஜமாகவே தவறு, அதில் இரண்டு எங்களுக்குச் சாதகமாக வந்த தவறு. அந்த இரண்டையும் நோட்டில் எழுதியது லெஃப்ட் கார்னர் ஆடுகிற ஒன்பதாம் வகுப்புப் பிள்ளை. "நான் லாபில கால் வச்சுட்டேன் மிஸ், அவங்க பாக்கல" என்றாள். லாபி என்பது களத்தின் இரண்டு ஓரத்திலும் இருக்கிற பட்டை, யாரையும் தொடாமல் அதில் கால் வைத்தால் அவுட். அந்தப் பக்கத்தைக் கிழிக்காமல் வைத்திருக்கிறேன்.

வீடியோவைக் காட்டி முடிவை மாற்றலாம் என்று நினைத்து யாரும் இதை வாங்க வேண்டாம். ப்ரோ கபடி மாதிரி ரிவ்யூ கேட்கிற வசதி நம் பள்ளி மைதானத்தில் இல்லை. பொதுவாக அம்பயரின் முடிவே இறுதி. இரண்டு அம்பயர்களும் வேறு வேறாகச் சொன்னாலோ, விசேஷ சூழ்நிலையிலோ ரெஃப்ரி தீர்ப்புச் சொல்லலாம் என்று விதி இருக்கிறது. அந்த ஒரு கதவு வழியாகத்தான் போக வேண்டும். அதனால் என் பிள்ளைகளுக்கு இப்போது ஒரே பழக்கம்: கேப்டன் மட்டும் ரெஃப்ரியிடம் போவாள், கையைப் பின்னால் கட்டிக்கொண்டு ஒரே ஒரு கேள்வி கேட்பாள். "சார், ஆறு பேர் நின்னாங்க, போனஸ் இல்லைன்னா கால் ஊனலையா, பின்கால் தூக்கலையா?" இப்படிக் கேட்டால் பதில் வருகிறது. "ஏன் சார் தரல?" என்று கேட்டால் கோபம்தான் வருகிறது. கத்தினால் பச்சை அட்டை, அப்புறம் மஞ்சள் அட்டை என்று போய் இரண்டு நிமிடம் ஒரு ஆள் குறைந்துவிடும். அந்த இரண்டு நிமிடத்தில் அணி முழுக்க அவுட்டாகி லோனாவே விழலாம்.

கேமரா இருந்தாலும் குழப்பம் வரும். 2023 அக்டோபரில் ஹாங்சோ ஆசிய விளையாட்டு, ஆண்கள் கபடி இறுதிப் போட்டி, இந்தியாவும் ஈரானும் 28-28. இந்தியாவின் பவன் செஹ்ராவத் யாரையும் தொடாமலே லாபிக்குள் கால் வைத்துவிட்டார், ஈரான் வீரர்களும் பின்னாலேயே லாபிக்குள் வந்துவிட்டார்கள். ரைடர் மட்டும் அவுட்டா, துரத்தி வந்தவர்களும் அவுட்டா? பழைய விதி ஒன்று சொல்கிறது, புதிய விதி வேறு சொல்கிறது. நடந்தது எல்லோருக்கும் தெரிந்தும், எந்த விதி என்பதில் ஏறக்குறைய ஒரு மணி நேரம் ஆட்டம் நின்றது. வீரர்கள் ஆடுகள விரிப்பிலேயே உட்கார்ந்துவிட்டார்கள். கடைசியில் இந்தியா 33-29. அதைப் பார்த்த பிறகு, டாஸ் போடும்போதே "லாபிக்கு எந்த விதி சார்?" என்று கேட்டு வைத்துக்கொள்கிறேன்.

ஒரு கண்டிப்பு: பெண் பிள்ளைகள் ஆடுகிற வீடியோ இது. பெற்றோரிடம் எழுதி வாங்கிய பிறகே எடுக்கிறேன். வாட்ஸாப் குரூப்பிலோ ஸ்டேட்டஸிலோ ஒரு துண்டுகூடப் போடுவதில்லை. தவறு செய்த அம்பயரின் முகத்தை ஊருக்குக் காட்டுவதும் கிடையாது. குறுவட்டத்தில் அம்பயராக நிற்பவர்களும் நம்மைப் போல இன்னொரு பள்ளியின் பி.இ.டி.தான். காலை ஏழு மணியிலிருந்து வெயிலில் நின்று ஆறாவது ஆட்டத்துக்கு விசில் ஊதுகிறவர்கள்.

இந்த வருடமும் அதே அம்பயர் ஒரு போட்டிக்கு வந்திருந்தார். முதல் பாதியில் எங்கள் போனஸ் ஒன்று விட்டுப்போனது, வீடியோவில் தெளிவாகத் தெரிந்தது. ஆட்டம் முடிந்து ஸ்கோர் ஷீட்டில் கையெழுத்துப் போட்ட பிறகு, தனியாகப் போய், "சார், ஒரு நிமிஷம் பாருங்க, புகார் இல்லை" என்று போனை நீட்டினேன். போன வருடம் கத்தியதற்கு மன்னிப்பும் கேட்டேன். மூன்று தடவை ஓடவிட்டுப் பார்த்தார். "நான் நடுக்கோட்டுக்கிட்ட நின்னுட்டேன் மேடம்" என்றார். அடுத்த ஆட்டத்தில் எங்கள் அணி இல்லை, வேறு இரண்டு பள்ளிகள். ட்ரைபாடை மடக்கிக்கொண்டே பார்த்தேன். ரைடர் பாக் லைனைத் தாண்டியதும் அவர் பக்கக் கோட்டோரமாக நான்கு எட்டு வைத்து, போனஸ் கோட்டுக்கு நேராக வந்து குனிந்து நின்றார்.