ஆர்சி க்ராலருக்கு டயர்கடை வெயிட்: சில வருஷம் ஓட்டிப் பார்த்ததில்

10-இல் 1 அளவு ராக் க்ராலர், அதாவது பாறை ஏறுவதற்கென்றே செய்த ரிமோட் கன்ட்ரோல் (ஆர்சி) குட்டி வண்டி வைத்திருப்பவர்கள் எல்லோருக்கும் தெரிந்த தொல்லை இது. செங்குத்தான பாறையில் முன் வீல் ஜம்மென்று ஏறும். பாதி ஏற்றத்தில் மூக்கைத் தூக்கிக்கொண்டு வண்டி மல்லாந்துவிடும். மருந்து, முன்பக்கம் தாழ்வாக எடை சேர்ப்பது. எதைப் போடுவது என்று கேட்டால் பித்தளை வீல், பித்தளை நக்கிள் (முன் வீலைத் தாங்கித் திரும்பும் பாகம்), பித்தளை டிஃப் கவர் (அச்சின் பல்சக்கர மூடி) என்று பட்டியல் நீளும். வெளிநாட்டிலிருந்து வரவழைத்தால் சுங்க வரியும் சேர்ந்து மலைக்க வைக்கும். அதெல்லாம் வேண்டாம் என்று, கார்களுக்கு வீல் பேலன்சிங் செய்யும்போது ஒட்டுகிறார்களே, அந்த ஸ்டிக்கர் வெயிட்டை வாங்கி டயருக்குள் ஒட்டி ஓட்டிக்கொண்டிருக்கிறேன். கோடையும் மழையும் மாறி மாறிப் பார்த்த பிறகு சொல்கிறேன்: செலவழிக்கும் காசுக்கு இதைவிடப் பலன் தரும் வேலை இந்தப் பொழுதுபோக்கில் எனக்குத் தெரிந்து இல்லை. ஆனால் முன் வீல் இரண்டுக்கு மட்டும், அதுவும் அளவோடு.

எடையைச் சேஸிஸ் மேல் வைத்தால் ஸ்ப்ரிங் அமுங்கும், ஈர்ப்பு மையம் உயரும், சாய்வான பாறையில் வண்டி பக்கவாட்டில் உருளும். வீலுக்குள் இருக்கும் எடை ஸ்ப்ரிங்கைத் தொடுவதே இல்லை. அச்சு உயரத்தில், தரைக்குப் பக்கத்தில் கிடக்கிறது. ஆக்சிலரேட்டர் கொடுக்கும்போது ஒரு பக்க முன் வீல் லேசாகத் தூக்கும் அல்லவா, அதையும் அது பிடித்து வைக்கிறது.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். பேட்டரியோடு 2,500 கிராம் வண்டி, முன் அச்சில் 1,300 கிராம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அது 52 சதவீதம். முன் வீல் ஒவ்வொன்றிலும் 100 கிராம் போட்டால் முன்னால் 1,500, மொத்தம் 2,700, ஏறத்தாழ 55.5 சதவீதம். இப்போது 200 கிராம் பேட்டரியை 15 செ.மீ. முன்னால் தள்ளுங்கள். வீல்பேஸ் 31 செ.மீ. என்றால் கிட்டத்தட்ட 97 கிராம் பின் அச்சிலிருந்து முன் அச்சுக்கு மாறிவிடும். 59 சதவீதம் வந்துவிடும். க்ராலர்காரர்கள் வாயில் எப்போதும் இருக்கும் 60-40 (முன்னால் 60, பின்னால் 40) கிட்டத்தட்ட அதுதான். அந்த இரண்டாவது வேலைக்கு ஒரு பைசா செலவில்லை என்பதைக் கவனியுங்கள். பேட்டரியை நகர்த்த முடிந்தால் அதை முதலில் செய்துவிட்டு, அப்புறம் வெயிட் வாங்கப் போங்கள்.

அளப்பதற்குச் சமையலறைத் தராசு போதும். முன் வீல் இரண்டையும் தராசில் ஏற்றி, பின் வீல்களுக்கு அடியில் அதே உயரத்துக்குப் புத்தகம் அடுக்கினால் முன் அச்சின் பங்கு தெரிந்துவிடும்.

டயர் கடையில் ‘ஸ்டிக்கர் வெயிட்’ என்று கேட்டால் பட்டை பட்டையாகக் கொடுப்பார்கள். 5 கிராம், 10 கிராம் துண்டுகள் வரிசையாக ஒரே பசை நாடாவில் இருக்கும். ஈயமா இரும்பா என்று பார்க்க ஒரு காந்தம் போதும். இரும்பு ஒட்டும், ஈயம் ஒட்டாது. ஐரோப்பிய ஒன்றியம் கார்களுக்கு ஈய வெயிட்டை 2005-லேயே நிறுத்திவிட்டது. துத்தநாகப் பூச்சு போட்ட இரும்புப் பட்டை இப்போது தாராளமாகக் கிடைக்கிறது. ஈயம் ஒரு கன சென்டிமீட்டருக்கு 11.3 கிராம், இரும்பு 7.8. அதே இடத்தில் ஈயம் ஏறக்குறைய ஒன்றரை மடங்கு எடை தரும், விரலாலேயே வளையும். இருந்தாலும் வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருந்தால் இரும்பே போதும் என்பேன். ஈயம்தான் என்றால் கையுறை போட்டுக்கொள்ளுங்கள், வேலை முடிந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள். ஈயத்தை வீட்டில் உருக்குவது, அரத்தால் ராவுவது எல்லாம் வேண்டவே வேண்டாம்.

ஒட்டும் விதத்தில்தான் விஷயமே இருக்கிறது. 1.9 அங்குல பீட்லாக் வீல் (பசை இல்லாமல், திருகு போட்ட வளையத்தால் டயரை இறுக்கிப் பிடிப்பது) என்றால் வளையத் திருகுகளைக் கழற்றி, டயரையும் உள்ளே இருக்கும் ஃபோமையும் எடுத்துவிட்டு, ரிம்மின் நடுப்பள்ளத்தை ஸ்பிரிட்டால் துடைக்க வேண்டும். கை எண்ணெய் பட்டாலும் பசை பிடிக்காது. 5 கிராம் துண்டு என்றால் என் ரிம்மில் ஒரு சுற்றுக்கு ஒன்பது பத்துத் துண்டு பிடிக்கிறது. இரண்டு அடுக்கு ஒட்டினால் 100 கிராம் பக்கம் வரும். இரண்டாவது அடுக்கில் துண்டுகளின் இணைப்பு கீழ் அடுக்கின் இணைப்புக்கு நேராக வராதபடி தள்ளி ஒட்டினால் இறுக்கமாக உட்காரும்.

பசையை மட்டும் நம்பினால் நம் ஊர் வெயிலில் நிற்காது. வெயிலில் நிறுத்திய காருக்குள் க்ராலரைப் போட்டு வைத்தால் பசை இளகிவிடும், வெயிட் நழுவும். இன்சுலேஷன் டேப் சுற்றினாலும் அதன் பசையும் வழிந்து ஃபோமில் ஒட்டிக்கொள்ளும். இதற்கு நான் கண்ட வழி பஞ்சர் கடைச் சைக்கிள் டியூப். பழைய டியூபிலிருந்து இரண்டு செ.மீ. அகலத்தில் ஒரு வளையம் வெட்டி, இழுத்து வெயிட்டின் மேல் மாட்டிவிட்டால் போதும். பசை செத்துப்போனாலும் துண்டுகள் அசையாது. ஓட்டை டியூபைப் பெரும்பாலும் சும்மாவே கொடுத்துவிடுவார்கள்.

அடுத்தது ஃபோம். எடை அடுக்கு எடுத்துக்கொண்ட இடத்துக்கு ஏற்ப ஃபோமின் உள்பக்கத்தைக் கத்தரித்துவிட வேண்டும். அப்படியே திணித்தால் டயர் கல் மாதிரி இறுகிப்போகும், பாறை விளிம்பில் மடியாது. டயர் மடிந்தால்தான் பிடிப்பு. எடை போட்டும் வண்டி ஏறவில்லை என்கிறவர்களில் பாதிப் பேர் வீலைப் பிரித்தால் இதுதான் காரணமாக இருக்கும்.

ஓடை, குட்டை என்று தண்ணீரில் இறக்குகிறவர்களுக்குத் துருத் தொல்லை உண்டு. டயரின் காற்றுத் துளை வழியே தண்ணீர் உள்ளே போய் ஃபோமில் ஊறிவிடும். இரண்டு நாள் கழித்து வீலை அழுத்தினால் அந்தத் துளையிலிருந்து டீத்தண்ணீர் நிறத்தில் ஒழுகும். பட்டையை வெட்டிய முனைகளில் பூச்சு இருக்காது, துரு அங்கேதான் பிடிக்கும். வெட்டிய முனைக்குக் கொஞ்சம் நெயில் பாலிஷ் தடவுவதும், தண்ணீரில் ஓட்டிய அன்றே டயரைப் பிரித்துக் காய வைப்பதும் எனக்குப் போதுமானதாக இருக்கிறது.

டயருக்குள் பால்ரஸ் குண்டுகளைக் கொட்டும் வழி இன்னொன்று. நண்பரின் வண்டியில் ஓட்டிப் பார்த்தேன். மெதுவாகப் போகும்போது குண்டெல்லாம் டயரின் அடியில் தேங்குவது நல்லதுதான். ஆனால் கிலுகிலுப்பை ஆட்டுவது போல ஒரு சத்தம். மோட்டார் திணறுவதே காதில் விழாது. க்ராலர் ஓட்டுகிறவனுக்குக் காது முக்கியம்.

செஞ்சிப் பக்கத்துப் பாறைகளில் ஓட்டும்போதுதான் வித்தியாசம் நன்றாகத் தெரிகிறது. சொரசொரப்பான கருங்கல், பிடிப்புக்குப் பஞ்சமே இல்லை. அதனாலேயே வழுக்குவதற்குப் பதில் மல்லாந்து விழும் இடம் அது. கோட்டைக்குள் போக வேண்டாம், அது தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கிறது. வெளியிலேயே பாறை கொட்டிக் கிடக்கிறது. முன்பு மூக்கைத் தூக்கிய ஏற்றங்களில் இப்போது முன் வீல் பாறையை விடாமல் கவ்விக்கொண்டு போகிறது.

இதற்கான விலையை ஸ்டீயரிங் சர்வோ, அதாவது முன் வீலைத் திருப்பும் குட்டி மோட்டார் கொடுக்கிறது. இரண்டு கல்லுக்கு நடுவே சிக்கிய கனமான வீலைத் திருப்ப, வண்டியோடு வரும் சர்வோ திணறும். 25 கிலோ (கிலோ-செ.மீ. கணக்கில்) பலமுள்ள மெட்டல் கியர் சர்வோ போட்டால் நிம்மதி. கூடவே ஈஎஸ்சியிலிருந்து (மோட்டார் வேகத்தைக் கட்டுப்படுத்தும் பெட்டி) சர்வோவுக்குப் போகும் கரன்ட் போதுமா என்று பாருங்கள். போதாவிட்டால் ரிமோட்டின் சிக்னலை வாங்கும் ரிசீவர் அணைந்து அணைந்து வரும். முன் அச்சின் யுனிவர்சல் ஜாயின்ட், ரிங் பினியன் (அச்சுக்குள் இருக்கும் பல்சக்கரங்கள்) இரண்டுக்கும் தேய்மானம் கூடும். எம்4 வீல் நட்டை ஒவ்வொரு முறை ஓட்டும் முன்பும் இறுக்கிப் பாருங்கள். இதனால்தான் வீலுக்கு 100 கிராமோடு நிறுத்திக்கொண்டேன். 150, 200 என்று ஏற்றுகிறவர்கள் உண்டு. அந்த எடையில் மிச்சம் பிடித்த காசு அச்சு உதிரிபாகத்துக்குப் போய்விடும். பின் வீலுக்கு ஒரு கிராம்கூட வேண்டாம். பின்னால் போடும் எடை, முன்னால் செய்த வேலையைத்தான் கெடுக்கும்.

பித்தளை நக்கிளை நான் குறை சொல்லவில்லை. அது சுழலாத எடை, துருப்பிடிக்காது, டயரின் மென்மையைத் தொடாது. டயர் ரிம்மோடு பசை போட்டு ஒட்டப்பட்டிருந்தால் அதுவே சுலபம். பிரித்தே தீருவேன் என்றால் வீலைக் கொதிநீரில் போட்டுப் பசையை இளக்கி மெதுவாக உரிக்கலாம். அசிட்டோன் பக்கம் போகாதீர்கள், சில பிளாஸ்டிக்கைத் தின்றுவிடும்.

ஆக்சியல் எஸ்சிஎக்ஸ்24 போன்ற 24-இல் 1 அளவு குட்டி வண்டிகளின் ரிம்முக்குள் கார் வெயிட் அடங்காது. எலெக்ட்ரானிக்ஸ் கடையில் விற்கும் சால்டரிங் ஈயக் கம்பியை ரிம் பள்ளத்தில் நெருக்கமாகச் சுற்றி, முனையை ஒரு சொட்டு ஃபெவிகுவிக்கால் பிடித்துவிடுங்கள். இரண்டு முன் வீலிலும் ஒரே நீளக் கம்பியைச் சுற்றினால் எடையும் தானாகவே ஒன்றாக அமைந்துவிடும்.