குமரி மாவட்டத்தில் குடியேற எந்தப் பகுதி நல்லது?

ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம், ரயில் மூன்றும் வேண்டுமென்றால் நாகர்கோவில்தான். வடசேரி பஸ் நிலையம், கோட்டாறு சந்தை, ஆசாரிப்பள்ளம் மருத்துவக் கல்லூரி எல்லாம் கைக்கெட்டும் தூரம். குளத்தை ஒட்டிய தாழ்ந்த மனை மட்டும் வேண்டாம். இங்கே தென்மேற்கு, வடகிழக்கு இரண்டு மழையும் அடிக்கும். 2021 நவம்பரில் தண்ணீர் எதுவரை வந்தது என்று பக்கத்து வீட்டில் கேளுங்கள், விற்பவரிடம் அல்ல.

திருவனந்தபுரம் விமான நிலையத்துக்கு அடிக்கடி போகிறவர்களுக்கு மார்த்தாண்டம் வசதி. மேம்பாலம் வந்தும் கீழ்ச்சாலை நெரிசல் தீரவில்லை.

குளச்சல், முட்டம் பக்கம் கடலைப் பார்த்து மயங்கி முன்பணம் கொடுத்துவிடாதீர்கள். உப்புக்காற்றில் முதலில் போவது கேட்டின் கீல், அடுத்து ஏசியின் வெளி யூனிட். கூரைக் கம்பிக்கு மேல் கான்கிரீட் மூடல் குறைந்திருந்தால் கம்பி துருவேறிப் பருத்து, பூச்சைப் பிளந்து தள்ளும். பழைய வீடு என்றால் சன்ஷேடின் அடிப்பக்கத்தை அண்ணாந்து பாருங்கள், பழுப்புக் கோடு ஓடினால் விலகிவிடலாம். கிணற்றுத் தண்ணீரை மழைக்காலத்தில் ருசி பார்த்துப் பயனில்லை, மழைநீர் உப்பை மறைத்துவிடும். மார்ச்சில் பாருங்கள்.

ஆரல்வாய்மொழியில் கணவாய்க் காற்று. சும்மாவா அங்கே காற்றாலைகளை நட்டார்கள்! மாடியில் தகரக் கூரை போட்டால் ஜூன் முதல் செப்டம்பர் வரை தூக்கம் போச்சு.

குலசேகரம் குளிர்ச்சி, பச்சை. ஆனால் ரப்பர் தோட்டத்தில் பால் பிடிக்க மரத்தில் கட்டும் சிரட்டைகளில் மழைநீர் தேங்கிக் கொசு பெருகும், ஜன்னலுக்கு வலை கட்டாயம்.