நெடுஞ்சாலை பங்கில் டேங்க் ஃபுல்: 5 லிட்டர் கேன் சரியாக வந்தாலும் நம்பிவிடாதீர்கள்

நாமக்கல் பக்கத்து டாரஸ் லாரி ஒன்று, டில்லி லோடு. நாக்பூரைத் தாண்டி, மாநில எல்லை வருவதற்குச் சற்று முன்னால் இருக்கும் ஒரு பங்கில் டேங்க் ஃபுல் போட்டது. கம்பெனி கணக்குப்படி அந்த டேங்க் 365 லிட்டர். கழுத்து வரை நிரப்பினால் 372 பிடிக்கும் என்று வண்டிக்காரர் முன்பே அளந்து வைத்திருந்தார். பங்குக்குள் நுழைந்ததும் டேங்கில் அளவுக் குச்சி விட்டுப் பார்த்ததில் 60 லிட்டர் இருந்தது. ஆக, 312 லிட்டருக்கு மேல் உள்ளே இடமே கிடையாது. மெஷின் காட்டியது 338. லிட்டர் 90 ரூபாய் என்று வைத்துக்கொண்டாலும், டேங்குக்கு வராத 26 லிட்டருக்கு 2,340 ரூபாய் வாங்கிவிட்டார்கள்.

டிரைவர் விடவில்லை, மெஷின் அளவைச் சரிபார்க்க பங்கில் வைத்திருக்கும் 5 லிட்டர் அளவுக் கேனைக் கேட்டார். முகம் சுளிக்காமல் கொண்டுவந்தார்கள். கோட்டைத் தொட்டு அச்சாக வந்தது. "மெஷின் சரி, உங்கள் டேங்க்தான் தப்பு" என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். இந்தப் பதிவு எழுதுவதே இதற்காகத்தான். கேன் சரியாக வந்தால் பங்க் நேர்மையானது என்று நம் ஆட்களில் பாதிப்பேர் இன்னும் நினைக்கிறார்கள்.

மெஷினுக்குள் டீசல் ஓடும்போது மீட்டரிங் யூனிட் சுற்றும். அந்தச் சுற்றைப் பல்சர் என்ற சின்னப் பாகம் மின்துடிப்பாக மாற்றும். அதை எண்ணித்தான் டிஸ்ப்ளேயில் லிட்டர் ஏறும். நடுவில் ஒரு சிப்பைச் சேர்த்துவிட்டால், உள்ளே 93 ஓடினால் வெளியே 100 என்று காட்ட வைக்கலாம். ரிமோட்டோ ரகசியக் குறியீடோ வைத்து அதை நினைத்த நேரத்தில் அணைக்கவும் முடியும். கேன் வரும்போது சிப் தூங்கும், கேன் போனதும் விழித்துக்கொள்ளும். 2017 ஏப்ரலில் லக்னோவில் உத்தரப் பிரதேச சிறப்பு அதிரடிப் படை சோதனை போட்டபோது இது வெளியே வந்தது. அதே ஆண்டில் தாணே போலீசும் மகாராஷ்டிரத்தில் பிடித்தார்கள். 2020 செப்டம்பரில் சைபராபாத் போலீஸ் தெலங்கானா, ஆந்திரா இரண்டிலும் பங்குகளைப் பிடித்தது. நம் வண்டிகள் தினமும் ஓடும் வழிதான் இது எல்லாம்.

எல்லையோர பங்குகளில் ஏன் கூடுதல் கவனம் வேண்டும் என்றால், டேங்க் ஃபுல் அங்கேதான் நடக்கிறது. மாநிலத்துக்கு மாநிலம் வாட் வரி வேறு. ஆந்திராவிலும் தெலங்கானாவிலும் டீசல் விலை கர்நாடகாவைவிட அதிகம். அதனால் 44ஆம் நெடுஞ்சாலையில் வடக்கே போகும் வண்டி, ஓசூர் தாண்டி கர்நாடகாவுக்குள் போய், எல்லை ஊரான பாகேபள்ளியை விடுவதற்குள் நிரப்பிக்கொள்வது வழக்கம். அங்கிருந்து கர்னூல், ஹைதராபாத், அடிலாபாத் வழியாக மகாராஷ்டிர எல்லை வரை சுமார் 800 கிலோமீட்டர். லோடு வண்டி லிட்டருக்கு மூன்றரை முதல் 4 கொடுத்தால் 200 முதல் 230 லிட்டரில் இரண்டு மாநிலத்தையும் கடந்துவிடலாம். கணக்கு சரிதான், தொடர்ந்து அப்படியே செய்யுங்கள். ஆனால் விலை எந்த நாளும் காலை 6 மணிக்கு மாறலாம், வாட்டையும் அரசுகள் திடீரென்று ஏற்றுகின்றன. போன மாத நினைப்பில் போகாமல், புறப்படும் அன்று ஆயில் கம்பெனி ஆப்பில் இரண்டு பக்கத்து விலையையும் பாருங்கள். லிட்டருக்கு 2 ரூபாய் மிச்சம் பிடிக்கப் போய், 100 லிட்டருக்கு 7 லிட்டர் விட்டுவிட்டு வந்தால் அது மிச்சமே இல்லை. எல்லையில் நிற்பது வெளிமாநில வண்டி, அவசரத்தில் இருக்கிறது, திரும்பி வந்து சண்டை போடாது என்பது ஏமாற்றுகிறவனுக்கு நன்றாகத் தெரியும்.

இதற்கு ஒரே பலமான ஆயுதம் நம் சொந்தக் குச்சி. டேங்க் காலியாக இருக்கும் ஒரு நாளில், நம்பிக்கையான பங்கில், ஆயில் கம்பெனியே நேரடியாக நடத்தும் கோகோ பங்காக இருந்தால் நல்லது, சமதளத்தில் வண்டியை நிறுத்துங்கள். முதலில் அங்கேயே கேன் வைத்து மெஷினைச் சரிபாருங்கள். பிறகு 25 லிட்டர் போட்டு, நுரை அடங்கியதும் அலுமினியப் பட்டையை நேராக விட்டு, ஈரம் நிற்கும் இடத்தில் ஆணியால் கோடு கிழியுங்கள். அடுத்த 25, அடுத்த கோடு. டேங்கின் மூலைகள் வளைந்திருப்பதால் கோடுகள் சம இடைவெளியில் வராது. ஸ்கேல் வைத்து நீங்களாகப் பிரித்துப் போட்டால் தப்பாகிவிடும். இரட்டை டேங்க் வண்டியில் இணைப்புக் குழாய் வழியாக மட்டம் சமமாகும்வரை காத்திருந்துதான் கோடு போட வேண்டும். கடைசியில், கழுத்து வரை மொத்தம் எத்தனை பிடிக்கிறது என்று எழுதி கேபினில் ஒட்டுங்கள். டேஷ்போர்டு முள் சண்டைக்கு உதவாது. 338 காட்டிய மெஷின் முன்னால் அந்த டிரைவர் தைரியமாக நின்றது 372 என்ற அந்த ஓர் எண் கையில் இருந்ததால்தான்.

கேன் சோதனையையும் விட வேண்டாம், செய்யும் நேரத்தை மாற்றுங்கள். போடுவதற்கு முன்போ முடிந்த பிறகோ கேட்காமல், 150 லிட்டர் ஓடியதும் நிறுத்தச் சொல்லி, மெஷினை ஜீரோ ஆக்க விடாமல், அதே நாசிலைக் கேனில் வைத்து டிஸ்ப்ளேயில் மேற்கொண்டு சரியாக 5.00 கூடும் வரை போடச் சொல்லுங்கள். அவர்கள் அந்த நேரத்தில் சிப்பை அணைத்தாலும் பரவாயில்லை. பார்க்கிற ஆள் இவன் என்று தெரிந்துவிட்டால் மீதி டீசல் பெரும்பாலும் சரியாகவே வரும்.

கேனிலும் வேலை இருக்கிறது. உலர்ந்த கேனில் டீசல் சுவரில் ஒட்டிக்கொள்ளும். ஒருமுறை நிரப்பிக் கொட்டி, சொட்டு வடிந்த பிறகே அளக்க வேண்டும். கேனின் உடம்பிலும் அடியிலும் கை வைத்துத் தடவிப் பாருங்கள். உள்பக்கம் ஒடுக்கு விழுந்திருந்தால் அது 5 லிட்டர் கேன் இல்லை. குறைவாக ஊற்றினாலும் கோடு தொடும். எடையளவுத் துறையின் முத்திரை நடப்பு ஆண்டுக்கு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். 5 லிட்டருக்கு 25 மில்லி வரை கூடவோ குறையவோ இருக்கலாம், சட்டமே அனுமதிக்கிறது. அதற்கு மேல் குறைந்தால் அந்த நாசிலில் விற்பனையையே நிறுத்த வேண்டும். வாடிக்கையாளர் கேட்டால் அளந்து காட்டியே ஆக வேண்டும், இதில் அவர்கள் தயவு எதுவும் இல்லை. இந்தி பேசும் இடத்தில் "பாஞ்ச் லிட்டர் கா நாப் திகாயியே" என்றால் போதும். தெலுங்கில் "ஐது லீட்டர்ல கொலத சூபிஞ்சண்டி".

சிப் இல்லாத பங்கிலும் பழைய வித்தைகள் உண்டு. முன்னால் நின்ற வேனுக்குப் போட்ட 500 ரூபாயை அழிக்காமல் தொடர்வது. 20,000 கேட்டால் 2,000 வைத்துப் போட்டு, "தப்பாகிவிட்டது, மீதி போடுகிறேன்" என்று நடுவில் எண்ணைக் குழப்புவது. கண்ணாடி துடைக்க ஒருவர், கார்டு கேட்க ஒருவர் என்று கிளீனரையும் டிரைவரையும் மெஷினிலிருந்து திருப்புவது. ஒருவர் மெஷின் பக்கம், ஒருவர் டேங்க் பக்கம் நின்றால் இது நடக்காது. அதிவேக நாசிலில் டீசல் நுரைத்து, பாதியிலேயே நாசில் தானாக வெட்டும். "ஃபுல்" என்று மூடியைப் போட விடாதீர்கள். நுரை அடங்கட்டும்.

எல்லாக் குறைவும் திருட்டு ஆகிவிடாது, அதையும் சொல்ல வேண்டும். வெப்பம் 1 டிகிரி ஏறினால் டீசல் ஏறக்குறைய ஆயிரத்தில் 0.83 பங்கு விரியும். பூமிக்கடியில் இருந்து வந்த 372 லிட்டரைக் கழுத்து வரை அடித்து, நாக்பூர் வெயிலில் நிறுத்தி 15 டிகிரி ஏறினால் ஏறக்குறைய நாலரை லிட்டர் வெளியே வழியும். அதனால் பயணம் போகும்போது கழுத்துக்குக் கொஞ்சம் கீழேயே நிறுத்துங்கள். விடியற்காலையில் போட்டால் கூடுதலாகக் கிடைக்கும் என்பதில் பெரிய பலன் இல்லை, நிலத்தடி டேங்கில் வெப்பம் அவ்வளவு மாறுவதில்லை.

கலப்படத்துக்கு ஃபில்டர் பேப்பர் வைத்துப் பார்ப்பதை விட்டுவிடுங்கள். அது பெட்ரோலுக்கான சோதனை. நல்ல டீசலும் பேப்பரில் எண்ணெய்க் கறை விடும். டீசலுக்குப் பார்க்க வேண்டியது அடர்த்தி. காலையில் பதிந்த அடர்த்தியை பங்கில் எழுதி வைத்திருப்பார்கள். 500 மில்லி ஜாரில் எடுத்து, அடர்த்தி அளக்கும் ஹைட்ரோமீட்டரும் தெர்மாமீட்டரும் விட்டு, அட்டவணைப்படி 15 டிகிரிக்கு மாற்றினால், பதிவுக்கும் இதற்கும் கன மீட்டருக்கு 3 கிலோவுக்கு மேல் வித்தியாசம் இருக்கக் கூடாது. 832 என்று எழுதியிருந்தால் 829 முதல் 835 வரை ஏற்கலாம்.

சாலையோரக் கொட்டகையில் பயோ டீசல் என்று லிட்டருக்குப் பத்து, பதினைந்து ரூபாய் குறைத்து விற்பதைத் தொடவே தொடாதீர்கள். பல இடங்களில் அது தொழிற்சாலை எண்ணெய்க் கலவை. புதிய புகை விதிப்படி வந்த பிஎஸ் 6 வண்டியின் இன்ஜெக்டர், காற்றழுத்தத்தைப் போல் ஆயிரம் மடங்குக்கு மேற்பட்ட அழுத்தத்தில் வேலை செய்வது. ஒரு செட் போனால் ஆகும் செலவில் எத்தனையோ தடவை டேங்க் நிரப்பலாம்.

பிஎஸ் 6 வண்டியின் புகையைச் சுத்தப்படுத்த தனி டேங்கில் ஊற்றும் யூரியா திரவமான டிஇஎஃப் விஷயத்திலும் நிறைய பேர் ஏமாறுகிறார்கள். தாபா வாசலில் மலிவாகக் கிடைக்கும் 20 லிட்டர் பக்கெட்டில், வயலுக்குப் போடும் யூரியாவைக் குழாய்த் தண்ணீரில் கரைத்து விற்கிறார்கள். சரியான திரவத்தில் 32.5 சதவீதம் சுத்தமான யூரியா, மீதி தாது நீக்கிய தண்ணீர். வயல் யூரியாவில் வேப்ப எண்ணெய்ப் பூச்சு உண்டு, குழாய்த் தண்ணீரில் கால்சியம் உண்டு. திரவத்தைப் புகையில் தெளிக்கும் டோசிங் நாசிலில் வெள்ளையாகப் படிந்து அடைக்கும், புகையைச் சுத்தப்படுத்தும் கேட்டலிஸ்ட்டைக் கெடுக்கும், கடைசியில் வண்டி இழுவையைக் குறைத்துவிடும், லோடோடு மேட்டில் நிற்க வேண்டியதுதான். பக்கெட்டில் ஐஎஸ்ஓ 22241 குறியும் சீல் உடையாத மூடியும் பாருங்கள். டிஇஎஃப்-க்கான ரிஃப்ராக்டோமீட்டர் ஒன்று வண்டியில் இருந்தால் ஒரு சொட்டில் செறிவு தெரியும், ஆனால் அது சுத்தத்தைச் சொல்லாது.

டீசல் போட முதலாளி கொடுக்கும் ஃப்ளீட் கார்டை பங்க் ரூமுக்குள் கொடுத்தனுப்பாதீர்கள், பின் நம்பரை வாயால் சொல்லாதீர்கள். முதலாளிகள் ஒவ்வொரு வண்டிக்கும் ஒரு தடவைக்கு இவ்வளவு, ஒரு நாளைக்கு இவ்வளவு என்று வரம்பு வைத்து, எஸ்எம்எஸ் வந்ததும் டேங்க் அளவோடு ஒப்பிட வேண்டும். அளவு இடித்தால் டிரைவர் மேல் பழி போடுவதற்கு முன் பங்கைச் சந்தேகியுங்கள். 26 லிட்டர் வித்தியாசத்துக்கு டிரைவர் சம்பளத்தில் பிடித்த கதைகள் நம் ஊரில் உண்டு, அது அநியாயம்.

குறைந்தது என்று தெரிந்தால் பங்கை விட்டு வண்டியை எடுக்காதீர்கள். மேனேஜர் 10 லிட்டர் இலவசமாகப் போட்டு அனுப்பப் பார்ப்பார். வாங்கினால் புகார் அங்கேயே செத்துவிடும். அச்சிட்ட பில் வாங்கி, அதில் டீலர் பெயர், நாசில் எண், நேரம், வண்டி எண் இருக்கிறதா என்று பாருங்கள். புகார்ப் புத்தகம் கேட்டு எழுதுங்கள். ஆயில் கம்பெனியின் சேல்ஸ் ஆபீசர் எண் பலகையில் இருக்க வேண்டும், அவரை அழையுங்கள். எந்த மாநிலத்தில் இருந்தாலும் 1915 தேசிய நுகர்வோர் உதவி எண். தமிழ்நாட்டுக்குள் என்றால் தொழிலாளர் துறையின் கீழ் வரும் எடையளவு ஆய்வாளரிடம் போங்கள். புகாரில் "அளவு குறைகிறது" என்று மட்டும் எழுதினால் ஆய்வாளர் வந்து கேனில் அளந்து சரி என்று எழுதிவிட்டுப் போய்விடுவார். டேங்க் முழுக் கொள்ளளவு, போடும் முன் குச்சி அளவு, மெஷின் காட்டியது, கேனில் சரியாக வந்தது, நாசில் எண் ஆகிய ஐந்தையும் எழுதி, பல்சரையும் அதன் சீலையும் திறந்து பார்க்க வேண்டும் என்று தெளிவாகக் கேளுங்கள்.