பெட்டியில் சென்ற மலைச் சைக்கிளும் ஊரில் கிடைத்த பழுதுபார்ப்பும்

இந்த முறை ஐந்து வார விடுமுறைக்கு ஊருக்குச் சென்றபோது என் மலைச் சைக்கிளையும் கூடவே கொண்டு சென்றேன். முன்பக்கம் 170 மில்லிமீட்டரும் பின்பக்கம் 165 மில்லிமீட்டரும் அமுங்கி எழும் சஸ்பென்ஷன் கொண்ட வண்டி அது. அலுமினிய ஃபிரேமை மட்டும் முதலில் வாங்கி, மற்ற பாகங்களை ஒவ்வொன்றாகத் தேர்ந்தெடுத்து, இரண்டு ஆண்டுகளில் நானே கோர்த்து முடித்தேன். ஒவ்வொரு பாகத்தையும் தேர்ந்தெடுத்தபோது எடையையும் சரிவில் அது நடந்துகொள்ளும் விதத்தையும் பார்த்தேனே தவிர, பழுதானால் அதை யார் திறப்பார், எந்தக் கருவியால் திறப்பார் என்று ஒருமுறையும் யோசிக்கவில்லை. அந்தக் கேள்விதான் இந்தப் பயணம் முழுவதும் என் முன்னால் நின்றது. இத்தகைய வண்டியுடன் ஊருக்குச் செல்ல எண்ணுபவர்களுக்குப் பயன்படக்கூடும் என்பதால், எனக்குக் கிடைத்த சேவைகளையும் கிடைக்காதவற்றையும் எழுதி வைக்கிறேன்.

விமானப் பயணத்தைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. வண்டி மட்டும் 16 கிலோ இருந்ததால் பெட்டியுடன் சேர்த்து 23 கிலோவுக்குள் அடக்கினேன். கருவிகளையும் உதிரிகளையும் வேறு பையில் வைத்தேன். பிரேக் பிடிக்கும் வட்டத் தகடுகளான ரோட்டார்களைக் கழற்றித் தனியே அட்டைக்குள் வைத்தேன். பிரேக் பேட்களுக்கு நடுவே பிளாஸ்டிக் துண்டைச் செருகினேன். இல்லையென்றால் பயணத்தில் லீவர் தற்செயலாக அமுங்கும்போது பிஸ்டன்கள் வெளியே வந்து ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். முன்சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க்கின் இரு கால்களும் நெரிபடாமல் இருக்க ஆக்சிலை மீண்டும் பூட்டினேன். சரக்கு ஏற்கும் இடத்தில் இருந்தவர் டயர்களோடு ஃபோர்க், பின்பக்க அதிர்வுதாங்கியான ஷாக் ஆகியவற்றின் காற்றையும் இறக்கச் சொன்னார். சரக்கறையும் பயணிகள் அறையைப் போலவே அழுத்தம் காக்கப்படுவது என்பதால், பறக்கும்போது ஏற்படும் அழுத்த வேறுபாடு நான்கு பிஎஸ்ஐ (சதுர அங்குலத்துக்குப் பவுண்டு) அளவுக்குள்தான் இருக்கும்; எண்பது பிஎஸ்ஐ நிரப்பிய ஃபோர்க்குக்கு அது ஒரு பொருட்டே இல்லை. ஆயினும் வாதாடாமல், ஷாக் பம்பில் இருந்த அளவை ஒரு தாளில் குறித்துக்கொண்டு இறக்கிவிட்டேன். அந்தத் தாள் பின்னர் பெரிதும் உதவியது.

ஊரில் முதல் வேலை பேரிங். கிளம்புவதற்கு முன்பே பின் சட்டம் மேலும் கீழும் அசைய உதவும் முதன்மைக் கீலில் லேசான ஆட்டம் இருந்தது. அங்கே இருப்பவை 6902 என்ற எண் கொண்ட பேரிங்குகள்: உள்விட்டம் 15, வெளிவிட்டம் 28, அகலம் 7 மில்லிமீட்டர். சைக்கிளுக்கென்று தனியாகச் செய்யப்பட்ட அளவு அல்ல; மோட்டார்களிலும் இயந்திரங்களிலும் ஓடும் பொதுவான அளவு. எனவே பேரிங் விற்பவரிடம் எண்ணைச் சொன்னதும், இரு பக்கமும் ரப்பர் சீல் உள்ளதை எடுத்துக் கொடுத்துவிட்டார். ஒரு வேறுபாட்டை மட்டும் கவனிக்க வேண்டும். கீலில் வரும் அசல் பேரிங்கில் பந்துகளைப் பிரித்து வைக்கும் கூண்டு இருக்காது. உள்ளே முழுவதும் பந்துகளே நிரம்பியிருக்கும். கீல் வேகமாகச் சுழல்வதில்லை, சில பாகைகள் மட்டுமே அசைகிறது, ஆனால் பெரும் சுமையைத் தாங்குகிறது என்பதால் அந்த அமைப்பு அதற்குப் பொருந்தும். கூண்டு உள்ள சாதாரண பேரிங்கும் சரியாக உட்காரும். ஆனால் சீக்கிரம் தேயும். நான் சீலை மெதுவாகத் தூக்கி, நீர் புகாத கிரீஸை விளிம்புவரை நிரப்பிய பிறகே அதைப் பொருத்தக் கொடுத்தேன்.

பொருத்தியவர் ஒரு லேத் பட்டறைக்காரர். அவர் சைக்கிளில் வேலை செய்பவர் அல்லர். ஆனால் ஃபிரேமைப் பார்த்தவுடன் சுத்தியலைத் தொடாமல், வெர்னியரை எடுத்து ஓட்டையின் விட்டத்தை மூன்று இடங்களில் அளந்தார். பிறகு பேரிங்கின் வெளிவளையத்தை மட்டும் தொடும்படி அலுமினியத்தில் இரண்டு கிண்ணங்களைக் கடைந்து, நீண்ட போல்ட்டில் அவற்றைக் கோர்த்து, நட்டைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருகி அழுத்தினார். உள்வளையத்தில் அழுத்தம் விழுந்தால் பந்துகள் தம் பாதையில் குழி பதித்துவிடும், புது பேரிங் முதல் நாளே சொரசொரக்கும் என்பதை நான் சொல்லும் முன்பே அவர் எனக்குச் சொன்னார். நான் இப்போது வாழும் ஊரில் பெரிய விளம்பரத்துடன் நடக்கும் சைக்கிள் நிலையங்களில்கூட இவ்வளவு நிதானத்தை நான் கண்டதில்லை. அந்த இரு கிண்ணங்களையும் கேட்டு வாங்கிக்கொண்டேன்.

அடுத்தது ஃபோர்க். ஏறத்தாழ ஐம்பது மணி நேரம் ஓட்டியதும் கீழ்க்கால்களைக் கழற்றி, தூசி சீலையும் நுரை வளையங்களையும் துடைத்துப் புது எண்ணெய் விட வேண்டும். என்னுடையது எழுபது மணி நேரத்தைத் தாண்டியிருந்தது. இதற்கு மோட்டார் சைக்கிள் பழுதுபார்க்கும் ஒரு பெரியவரிடம் சென்றேன். அவரிடம் போகலாம் என்று எண்ணியதற்குக் காரணம் உண்டு: மேல் குழாய், கீழ்க்கால், இடையே புஷ், மேலே ஆயில் சீல், அடியில் போல்ட் என்ற அமைப்பு இரண்டு வண்டிகளிலும் ஒன்றே. காற்றை முழுவதும் இறக்கியபின், அடி போல்ட்டைச் சில சுற்று தளர்த்தி, ரப்பர் சுத்தியலால் ஒரு தட்டு தட்டித் தண்டை விடுவிப்பதை அவர் யாரும் சொல்லாமலே செய்தார்.

எண்ணெய் விடும் இடத்தில்தான் வேறுபாடு வந்தது. சாதாரண மோட்டார் சைக்கிள் ஃபோர்க்கில் ஒவ்வொரு காலிலும் நூறு மில்லிலிட்டருக்கும் அதிகமான எண்ணெய் இருக்கும். துளைகள் வழியே பாய்ந்து அதிர்வை அடக்கும் வேலையையும் அதே எண்ணெய்தான் செய்கிறது. என் ஃபோர்க்கில் அதிர்வை அடக்கும் டேம்பர் தனியாக மூடி முத்திரையிட்ட உருளை. கீழ்க்காலில் விடும் எண்ணெய் புஷ்ஷையும் சீலையும் வழுவழுப்பாக வைப்பதற்கு மட்டுமே. கையேடு ஒரு காலுக்கு 20 மில்லிலிட்டர் என்கிறது. அதை ஊசிக்குழலில் அளந்து நீட்டியபோது, “தம்பி, இது சீலை நனைக்கவே பத்தாதே” என்று அவர் உண்மையான கவலையோடு கேட்டார். அதிகம் விட்டால் என்ன ஆகும் என்பதை விளக்கினேன்: கீழ்க்காலுக்குள் எஞ்சியிருக்கும் காற்றுக்கு இடம் குறையும், ஃபோர்க் அமுங்க அமுங்க அந்தக் காற்று இறுகி இன்னொரு ஸ்பிரிங்கைப் போல எதிர்க்கும், 170 மில்லிமீட்டர் இருந்தும் 140-ஐத் தாண்டாது. அவர் சிறிது யோசித்துவிட்டு, எண்ணெயை அடியிலிருந்து விட வண்டியை எந்தக் கோணத்தில் சாய்த்தால் புஷ்ஷைத் தாண்டாமல் நிற்கும் என்று என்னிடமே திருப்பிக் கேட்டார். மிகச் சரியான கேள்வி அது. பிறகு நுரை வளையங்களைத் தனியாக எண்ணெயில் ஊறவைத்து, அடி போல்ட்டுகளை என் டார்க் ரெஞ்சில் ஏழு நியூட்டன் மீட்டருக்கு முறுக்கினார். அதன்பின் ஃபோர்க் பட்டுப் போல ஓடியது. சிறு கற்களின் நடுக்கம் கைக்கு வருவது கண்கூடாகக் குறைந்தது.

சக்கர நெளிவு எடுப்பதில் ஒரு சிக்கலும் இல்லை. சக்கரத்தின் நடுப்பகுதியான என் ஹப் வளைந்த கழுத்து ஸ்போக்கை ஏற்பது. அதனால் பின்சக்கரத்தில் ஒன்று அறுந்தபோது, பழைய சைக்கிள் பழுதுபார்ப்பவர் அதே தடிமனில் ஒன்றை எடுத்து, நீளத்துக்கு வெட்டி மரை போட்டு, அரை மணி நேரத்தில் முடித்துவிட்டார். நேர்க் கழுத்து ஸ்போக் கொண்ட சக்கரமாக இருந்திருந்தால் அந்த உதவி கிடைத்திருக்காது.

கசப்பான அனுபவம் பிரேக்கில் ஏற்பட்டது. பின் பிரேக்கின் லீவர் சற்றுத் தளர்ந்திருந்ததால் பிரேக் திரவத்தில் புகுந்த காற்றை வெளியேற்ற வேண்டியிருந்தது. நவீன சைக்கிள்களுக்கென்றே நடத்தப்படும் ஒரு நிலையத்தில், என் பிரேக் டாட் 5.1 என்ற வகைத் திரவம் கேட்பது, அது லீவரிலேயே எழுதியிருக்கிறது என்று சொல்லிக் கொடுத்தேன். மாலையில் வாங்கியபோது லீவர் கெட்டியாக இருந்தது, மகிழ்ச்சியோடு வந்தேன். இரண்டாவது நாள் நீண்ட சரிவின் நடுவில் லீவரை விட்டபின் அது மெதுவாகத்தான் திரும்பியது. மூன்றாவது நாள் பிஸ்டன்கள் உள்ளே போகவே இல்லை. திரும்பிச் சென்று கேட்டபோது, கையில் இருந்த மினரல் ஆயிலை நிரப்பியதாகவும், எண்ணெய் எல்லாம் ஒன்றுதான் என்றும் சொன்னார்கள். ஒன்றல்ல. டாட் திரவத்துக்கென்று செய்யப்பட்ட ரப்பர் சீல்கள் மினரல் ஆயிலில் ஊறி வீங்கிவிடும். பின்னர் எவ்வளவு கழுவினாலும் பழைய அளவுக்குத் திரும்பாது. செங்குத்தான சரிவில் ஒருவருடைய உயிர் அந்தச் சீலில்தான் இருக்கிறது என்பதால் இதை எளிதாக எடுத்துக்கொள்ள என்னால் முடியவில்லை. அவர்கள் கூலியைத் திருப்பித் தந்தார்கள். பிரேக்கைத் திருப்பித் தர முடியவில்லை.

1976-இல் கலிபோர்னியாவின் தமால்பைஸ் மலையை ஒட்டிய சரிவில் பழைய கனத்த சைக்கிள்களை இறக்கிப் பந்தயம் ஓட்டியவர்கள், ஒவ்வொரு இறக்கத்துக்குப் பிறகும் பின்ஹப்பின் பிரேக்கில் கிரீஸ் எரிந்து புகைந்துவிடுவதால் அதை மறுபடி அடைக்க வேண்டியிருந்தது. அந்தப் பாதைக்கே ‘ரீபேக்’ (மறுபடி அடைத்தல்) என்று அதனால்தான் பெயர் வந்தது. நிறுத்தும்போது பிறக்கும் வெப்பம் எங்கே போகிறது என்ற கேள்வி அன்றிலிருந்து மாறவில்லை. டாட் 5.1 திரவத்தின் கொதிநிலை புதிதாக இருக்கும்போது குறைந்தது 260 பாகை செல்சியஸ்; ஈரத்தை உறிஞ்சிய பிறகு 180 பாகைக்கு இறங்கிவிடக்கூடும். மோட்டார் சைக்கிள் உதிரிபாகம் விற்பவர்களிடம் டாட் திரவம் தாராளமாகக் கிடைக்கிறது. திறக்காத புதுப் புட்டியாக வாங்க வேண்டும். டாட் 5 என்று எழுதியது சிலிக்கோன் வகை, அதைத் தொடவே கூடாது. எனக்கு அந்தத் திரவம் இருந்தும் பயனில்லை. சீல் தொகுதி கிடைக்கவில்லை. எனவே மினரல் ஆயிலில் இயங்கும் ஷிமானோவின் இரு பிஸ்டன் பிரேக் ஒன்றைத் தருவித்துப் பின்னால் மாட்டினேன். 203 மில்லிமீட்டர் ரோட்டாரை அப்படியே வைத்துக்கொண்டேன். நான்கு பிஸ்டன் பிரேக்கின் பிடி அதற்கு இல்லை. நீண்ட இறக்கங்களில் முன் பிரேக்கை அதிகம் நம்பி, திருப்பத்துக்கு முன்பே வேகத்தைக் குறைத்து ஓட்டினேன்.

ஷாக் கடைசி வாரத்தில் பழுதானது. அமுக்கும்போது சளசளவென்று ஒலி எழுந்தது. அமுங்கியபின் மீளும் வேகத்தை மாற்றும் ரீபவுண்ட் திருகை எந்தப் பக்கம் திருப்பினாலும் வேறுபாடு இல்லாமல், இருக்கை துள்ளி முதுகில் மோதியது. டேம்பருக்குள் எண்ணெயோடு காற்று கலந்துவிட்டதன் அறிகுறி அது. அதே மோட்டார் சைக்கிள் பெரியவரிடம் காட்டினேன். அவர் வெகுநேரம் பார்த்து, உள்ளே நைட்ரஜன் அடைத்திருப்பதைப் பற்றிக் கேட்டுத் தெரிந்துகொண்டு, “திறக்கலாம் தம்பி, ஆனால் காற்றில்லாமல் எண்ணெயை நிரப்பி மூட என்னிடம் வழி இல்லை. தொட மாட்டேன்” என்றார். ஐந்து வாரங்களில் எனக்குக் கிடைத்த சேவைகளில் நான் மிக உயர்வாக மதிப்பது இந்த மறுப்பைத்தான். வேறு இருவர் திறந்து பார்ப்பதாகச் சொன்னார்கள், நான் கொடுக்கவில்லை. எஞ்சிய நாட்களில் காற்றை வழக்கத்தைவிட இருபது பிஎஸ்ஐ கூட்டி, தாவல்களைத் தவிர்த்து, மேடேறும் பாதைகளிலேயே ஓட்டினேன். இறுக்கம் கூடியதால் பின்பக்கம் உயர்ந்து முன்சக்கரத்தில் பாரம் கூடியது. தாளில் குறித்த பழைய அளவு கையில் இருந்ததால் எவ்வளவு கூட்டினேன் என்பதாவது தெளிவாகத் தெரிந்தது.

திரும்பி வந்தபின் அந்த இடத்தில் காற்றுக்குப் பதில் சுருள் ஸ்பிரிங் கொண்ட காயில் ஷாக் போடத் தீர்மானித்தேன். அதிலும் டேம்பர் உண்டு, அதுவும் பழுதாகலாம்; ஆனால் உயர் அழுத்தக் காற்றறையும் அதன் சீல்களும் இல்லாததால் வெப்பத்திலும் தூசியிலும் கெடுவதற்கு உள்ள வழிகள் குறைகின்றன. ஸ்பிரிங்கைக் கணக்கிடுவது கடினமில்லை. என் ஷாக்கின் ஓட்டம், அதாவது அமுங்கும் தூரம், 65 மில்லிமீட்டர், சக்கரத்தின் ஓட்டம் 165. இரண்டுக்கும் இடையிலான சராசரி நெம்பு விகிதம் ஏறத்தாழ 2.54. வண்டியில் ஏறி நிற்கும்போது பின்பக்கம் விழும் எடை 55 கிலோ, அதாவது 121 பவுண்டு. விகிதத்தால் பெருக்கினால் ஷாக்கின் மேல் 307 பவுண்டு வருகிறது. ஓட்டத்தில் முப்பது விழுக்காடு, அதாவது 19.5 மில்லிமீட்டர், ஏறி நின்றதும் இறங்க வேண்டும் என்று வைத்தால், அது அங்குலத்தில் 0.77. வகுத்தால் அங்குலத்துக்கு 400 பவுண்டு ஸ்பிரிங். ஃபிரேமின் நெம்பு விகிதம் ஓட்டத்தின் முடிவை நோக்கிக் குறைந்துகொண்டே வருவதாக இருந்தால்தான் காயில் அதில் சரியாக வேலை செய்யும். இல்லையென்றால் ஒவ்வொரு தாவலிலும் அடிதட்டும். என் ஃபிரேமில் அந்தக் குறைவு போதுமான அளவு இருக்கிறது.

இரு முனையிலும் ஒரே வகைத் திரவம் இருக்கட்டும் என்பதற்காக முன் பிரேக்கையும் மினரல் ஆயிலுக்கு மாற்றிவிட்டேன். இம்முறை நான்கு பிஸ்டன். முன்னால் 29, பின்னால் 27.5 அங்குலம் என்ற சக்கர அமைப்பை மட்டும் விட மனம் வரவில்லை. இரண்டு அளவில் உதிரி டயர் சுமக்க வேண்டியிருந்தாலும், செங்குத்துச் சரிவில் பின்சக்கரம் உடலில் உரசாமல் திருப்பத்தில் அது சட்டென மடங்கும் விதம் எனக்கு அவ்வளவு பிடித்திருக்கிறது. அடுத்த பயணத்துக்கான பையில் இப்போதே கூண்டில்லாத 6902 பேரிங் நான்கு, ஃபோர்க்குக்கு ஒரு சீல் தொகுதி, லேத் பட்டறைக்காரர் கடைந்து கொடுத்த இரு கிண்ணங்கள், பெரியவருக்கென்று அளவுக் கோடுகள் போட்ட ஒரு ஊசிக்குழல் ஆகியவற்றை எடுத்து வைத்திருக்கிறேன்.