கிக்ஸ் ஷேர்டு டெம்பரரி ஸ்டோரேஜ்: மாறலாமா வேணாமா?

மெயின்ஃப்ரேம்ல சிஐசிஎஸ் (கிக்ஸ்னும் சொல்வாங்க, ஸ்க்ரீன்ல நடக்குற பரிவர்த்தனைகளை ஓட்டுற ஐபிஎம் சாஃப்ட்வேர், அதுல ஓடுற ஒவ்வொரு காப்பியும் ஒரு ரீஜன்) பார்க்கிறவங்க கிட்ட க்யூ ஓனிங் ரீஜன்னு சொல்லிப் பாருங்க, மூஞ்சியே மாறும். முதல் ஸ்க்ரீன்ல எழுதுன டிஎஸ் க்யூவை (டெம்பரரி ஸ்டோரேஜ், டேட்டாவைத் தற்காலிகமா வைக்கிற இடம்) அடுத்த ஸ்க்ரீன்ல படிக்கணும், ஆனா என்டர் தட்டுனதும் வேலை வேற எல்பார்ல (மெயின்ஃப்ரேமைப் பிரிச்ச இன்னொரு பகுதி) இருக்குற ரீஜனுக்குப் போயிடும், அங்க போனா அப்படி ஒரு க்யூவே இல்லைன்னு க்யூஐடி எரர். அதுக்குப் பயந்து எல்லா க்யூவையும் ஒரே ரீஜன்ல, அதான் அந்த ஓனிங் ரீஜன்ல, வச்சு மத்த ரீஜன்ல இருந்து வர்ற க்யூ கமாண்டை எல்லாம் அங்கயே அனுப்பி (ஃபங்ஷன் ஷிப்) வைப்போம், அது படுத்துச்சுன்னா மொத்தமும் படுத்துரும்.

ஷேர்டு டெம்பரரி ஸ்டோரேஜ்ல, அதாவது எல்லா ரீஜனும் பொதுவாப் பயன்படுத்துற க்யூ பூல்ல, இந்தத் தலைவலி இல்ல. க்யூ எல்லாம் கப்ளிங் ஃபெசிலிட்டில (எல்லா எல்பாரும் பகிர்ந்துக்குற மெமரி) ஒரு லிஸ்ட் ஸ்ட்ரக்சர்ல உக்காந்திருக்கும், ஒவ்வொரு இசட்ஓஎஸ் இமேஜ்லயும் பூலுக்கு ஒரு சர்வர் ஓடணும். டிஎஸ்மாடல்ல (க்யூ எங்க இருக்கணும்னு சொல்ற சிஐசிஎஸ் டெஃபினிஷன்) பூல் பேரைப் போட்டா முடிஞ்சுது, கோபோல் புரோகிராம்ல ஒரு வரி தொட வேணாம். செட்டப் மட்டும் கொஞ்சம் படுத்தும். ஏஎக்ஸ்எம் (சர்வருக்குத் தேவையான சிஸ்டம் சர்வீஸ்) முதல்ல ஏறியிருக்கணும், சர்வரோட லைப்ரரி ஏபிஎஃப்ல (சிஸ்டம் நம்புற லைப்ரரி லிஸ்ட்) இருக்கணும், இது ரெண்டுலயும் நான் ஒரு முழு நைட் ஷிப்டைத் தொலைச்சேன், தப்பு என்னோடதுதான்.

நிஜமான கூத்து அப்புறம்தான். க்யூ ரீஜனோட சொந்த மெமரில, அதான் மெயின் ஸ்டோரேஜ்ல, இருந்தவரைக்கும் எந்த புரோகிராம் க்யூவை டெலீட் பண்ணாம விட்டாலும் வீக்கெண்ட் ரீஸ்டார்ட்ல எல்லாம் காலி ஆயிடும், யாருக்கும் தெரியாது. பூல்ல அப்படி இல்லைங்க, ரீஜனை கோல்ட் ஸ்டார்ட் பண்ணாலும் (பழசை மறந்து புதுசா ஏத்துனாலும்) க்யூ அப்படியே இருக்கும், சர்வரையே நிறுத்துனாலும் ஸ்ட்ரக்சர் போகாது. எங்க அப்ளிகேஷன் ஒன்னு டாஸ்க் நம்பரை வச்சு க்யூ பேர் உண்டாக்கும், டெலீட்க்யூன்னு ஒரு கமாண்ட் இருக்குறதே அதை எழுதுன புண்ணியவானுக்குத் தெரியாது போல. அப்படி மிஞ்சுன க்யூ சேர்ந்து சேர்ந்து, சர்வர் லாக்ல பூல் 80 சதவீதம் தாண்டிருச்சுன்னு வார்னிங் வந்துச்சு, யாரும் பாக்கல, அப்புறம் க்யூல எழுதுற ரைட்க்யூ எல்லாம் இடமில்லைன்னு நோஸ்பேஸ் எரர். சிஎஃப்ஆர்எம் பாலிசில (ஸ்ட்ரக்சருக்கு எவ்வளவு இடம்னு சொல்ற செட்டிங்) அதிகபட்ச சைஸை ஆரம்ப சைஸான இனிட்சைஸ் விடப் பெருசா வச்சிருந்ததால, ஆல்டர் கமாண்ட் போட்டு ஸ்ட்ரக்சரைப் பெருசாக்கி அன்னைக்குத் தப்பிச்சோம்.

இன்னொன்னு, பூல்ல இருக்குற க்யூவுக்கு ரெக்கவரி கிடையாது, பாதில நின்ன வேலையைப் பழைய நிலைக்குத் திருப்புற ரோல்பேக் அடிச்சாலும் எழுதுனது எழுதுனதுதான். ஸ்க்ரோல் டேட்டாவுக்கு அது பிரச்சனையே இல்ல, பணம் சம்பந்தப்பட்டதை மட்டும் அங்க வைக்காதீங்க.

அஞ்சுக்கு நாலு குடுப்பேன். ரோல்பேக் வேணும்னு அடம்பிடிக்கிற ரெண்டு க்யூவுக்காக அந்தப் பழைய ஓனிங் ரீஜனை நாங்க இன்னும் தினமும் ஏத்திட்டுத்தான் இருக்கோம்.